இரண்டாம் பாகத்தில் பேய் இல்லை

நான் பார்த்ததிலேயே படுமோசமான படம் ஒரு பேய்ப்படத்தின் இரண்டாம் பாகம். பெயர் வேண்டாம், எடுத்தவர்களே இந்நேரம் மறந்திருப்பார்கள். மோசமான படம் பார்த்தால் சனம் இரண்டு நாள் திட்டிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடும். நான் இத்தனை வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். படத்தைத் திட்டத் தொடங்கி, எப்போதும் என்னைத் திட்டுவதில்தான் வந்து முடிக்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஃபிளாட் ஒன்றின் நாலாம் மாடியில் இருந்தோம். அடுத்த கதவு சின்னம்மாவின் வீடு. அம்மாவும் சின்னம்மாவும் கலியாணம் கட்டிய பிறகும் பிரிய மனமில்லாத சகோதரிகள். ஒரு வீட்டில் உடைத்த தேங்காயின் மறுபாதி மற்ற வீட்டில்தான் இருக்கும். என் அப்பா கட்டார் நாட்டில், சித்தப்பா புறக்கோட்டையில் ஒரு ஹாட்வெயார் கடையில். சின்னம்மாவுக்கு ஒரே ஒரு பிள்ளை, என்னைவிட இரண்டு வயது இளையவன். எனக்குத் தம்பி முறை. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லாததால் முறை என்பது மறந்துபோய் அவன் தம்பியாகவே ஆகிவிட்டான்.

முதலாம் பாகத்தை எல்லோரும் ஒன்றாகப் போய்த்தான் பார்த்தோம். அது நல்ல படம், இப்போதும் சொல்வேன். ஒரு சின்னப் பையன் செத்துப்போகிறான். அவனுடைய ஆவி வீட்டுச் சுவருக்குள் மாட்டிக்கொள்கிறது. மத்தியான நேரத்தில், வீடு அமைதியாக இருக்கும்போது, சுவருக்குள்ளிருந்து மூன்று தட்டுக் கேட்கும். தாய் ஓடிவந்து சுவரில் காதை வைத்து, திருப்பி இரண்டு தட்டுவாள். பிள்ளை மூன்று, தாய் இரண்டு. இது வேறு யாருக்கும் தெரியக்கூடாது, தெரிந்தால் பிள்ளை போய்விடுவான். கடைசிக் காட்சியில் சுவர் மெல்ல வெடித்துச் சின்ன விரல் ஒன்று வெளியே வரும். தாய் அதைப் பிடிக்கக் கையை நீட்டுவாள். நீட்டின கை நீட்டினபடி நிற்க, மிகுதி இரண்டாம் பாகத்தில் என்று போட்டு லைட்டையும் போட்டுவிட்டார்கள். தியேட்டரே ‘ஐயோ’ என்றது. படம் முழுக்கத் தம்பி என் சட்டை நுனியைக் கடித்துக்கொண்டிருந்தான். சட்டை நனைந்துபோச்சு என்று வரும் வழியெல்லாம் அம்மாவிடம் முறையிட்டுக்கொண்டு வந்தேன்.

மறுநாளே அது எங்கள் விளையாட்டாகிவிட்டது. தம்பியின் கட்டில் ஒரு சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தது. அந்தச் சுவருக்கு மறுபக்கம் எங்கள் வீட்டின் ஓர் அறை, பெரியப்பாவின் அறை. அவர் கனடாவுக்குப் போகும்போது தன் சாமான் அத்தனையையும் அதற்குள் அடைத்துப் பூட்டி, ஒன்றையும் தொடப்படாது, நான் திரும்பி வருவன் என்று சொல்லித் திறப்பை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனவர். வெள்ளவத்தையில் இப்படித் ‘திரும்பி வருகிறவர்களின்’ சாமான் இல்லாத வீடு குறைவு. அம்மா ஒரு நாளும் அந்த அறையைத் திறந்ததில்லை. ஆனால் திறப்பு எந்த ஆணியில் தொங்குகிறது என்பது எனக்குத் தெரியும். பொலித்தீன் பிரிக்காத மெத்தை ஒன்று அங்கே சுவரோரம் சாய்த்து வைத்திருந்தது. அதன் பின்னால் நான் புகுந்தால் யாருக்கும் தெரியாது.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எங்கள் இருவருக்கும் அம்மாதான் காவல். சின்னம்மா அப்போது பம்பலப்பிட்டியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தாள், ஐந்து மணிக்குத்தான் வருவாள். அம்மாவின் காவல் சோறு தருவதோடு சரி. சீரியல் தொடங்கிக் கால் மணி நேரத்தில் நித்திரையாகிவிடுவாள். உடனே தம்பி தன் வீட்டுக் கட்டிலுக்கு ஓடுவான், நான் பெரியப்பாவின் அறைக்குள் நுழைவேன். நான் மூன்று தட்டுவேன், அவன் இரண்டு தட்டுவான். அதாவது நான் பேய், அவன் தாய். நான் மூத்தவள், ஆகவே பேய் நான்தான். அவனுக்கு அது பெரிய மனக்குறை.

“அக்கா, ஒருக்கா நான் பேயா இருக்கிறனே” என்று கெஞ்சுவான்.

“ரெண்டாம் பாகம் வரட்டும். அப்ப நீ பேய்” என்பேன்.

இந்த விளையாட்டைச் சின்னம்மா ஒரு நாளும் கேட்டதில்லை, அவளுக்குத் தெரியவும் தெரியாது. அவள் வேலையால் வருவதற்குள் திறப்பு ஆணிக்குப் போயிருக்கும்.

அந்த வருஷம் மழை பிந்தி வந்து நின்று பெய்தது. ஒழுங்கையில் மூன்று வீட்டில் டெங்கு. தம்பிக்குக் காய்ச்சல் என்றார்கள். இரண்டு நாள் விட்டுவிட்டுக் காய்ந்தது, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காய்ச்சல் இறங்கிவிட்டது, நாளைக்கு வந்துவிடுவான் என்று சித்தப்பா ஃபோனில் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் பயப்பட வேண்டிய நேரம் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஐந்தாம் நாள் அவன் வந்தான். வந்த விதத்தை எழுத எனக்கு இன்னும் கை வராது.

சின்னப் பிள்ளை என்பதால் கனத்தை மயானத்தில் புதைத்தார்கள். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் ஒரு நாள் கூடி இருந்து பேசினார்கள். பிள்ளைக்கு எட்டுச்செலவு இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இல்லை, வருஷத்துக்கு வருஷம் திவசமும் இல்லை, அது தெய்வம் மாதிரி, அதற்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று முடிவு சொன்னார்கள். நல்லதைத்தான் சொல்கிறோம் என்று நினைத்தார்கள். சின்னம்மா தலையைத் தூக்கி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அப்ப அவனை ஆர் அனுப்பி வைக்கிறது?”

யாரோ எழுந்து தேத்தண்ணி போடப் போனார்கள்.

அதற்குப் பிறகு சின்னம்மா வேலைக்குப் போகவில்லை. சமைக்கவில்லை, தலை இழுக்கவில்லை, அம்மா கொண்டுபோய்க் கொடுக்கும் சோறு அப்படியே திரும்பி வந்தது. சித்தப்பா கடையால் வந்து கதவடியில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, உள்ளே போகாமல் கொஞ்ச நேரம் எங்கள் வீட்டில் இருப்பார். “டொக்டர் குளிசை குடுத்திருக்கிறார், மத்தியானத்தில அவள் நித்திரை கொள்ளுறவள், சத்தம் போடாதை” என்று அம்மா எனக்குக் கட்டளை போட்டிருந்தாள்.

சத்தம் போட எனக்கு யார் இருந்தார்கள்? ஒன்றரை மாதம் போயிருக்கும். ஒரு நாள் மத்தியானம் விளையாட ஆளில்லாமல், அழுகை வந்தும் அழத் தெரியாமல், பழக்க தோஷத்தில் திறப்பை எடுத்துக்கொண்டு பெரியப்பாவின் அறைக்குள் போனேன். மெத்தைக்குப் பின்னால் இருந்துகொண்டு மூன்று தட்டினேன். ஒன்றும் இல்லை. எழும்பப் போனேன்.

இரண்டு தட்டுக் கேட்டது.

கடவுளே, அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்வேன்! பயம் இருந்தது, ஆனால் பயத்தைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது. திரும்பவும் மூன்று தட்டினேன். திரும்பவும் இரண்டு. தம்பிதான்! சின்னம்மாவோ குளிசை போட்டு நித்திரை. அந்த வீட்டில் அந்த நேரம் விழித்திருக்கக்கூடியவன் அவன் ஒருத்தன்தான் என்று நான் நம்பினேன். அதுவும் இரண்டே இரண்டு தட்டுகிறான் பாருங்கள், செத்த பிறகும் அக்கா சொன்னபடி தாயாகவே இருக்கிறான், பேயாக இருக்கக் கேட்கவில்லை. நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். யாருக்காவது தெரிந்தால் போய்விடுவான் என்பது படத்தில் பார்த்த சட்டம். வாயைத் திறப்பேனா?

ஒவ்வொரு நாளும் போனேன். சில நாள் ஐந்து தடவை, பத்துத் தடவை தட்டினேன். ஒரு நாளாவது பதில் வராமல் விட்டதில்லை. காய்ச்சல் வந்து நான் இரண்டு நாள் படுத்துவிட்டுப் போய்த் தட்டியபோது, பதில் அவ்வளவு அவசரமாக, அவ்வளவு பலமாக வந்தது. பெரியப்பாவின் டிவிப் பெட்டிக்கு மேலிருந்த தூசு உதிர்ந்ததாகக்கூட ஞாபகம்.

அந்த நாட்களில்தான் சின்னம்மாவும் தேறத் தொடங்கினாள். முதலில் சாப்பிட்டாள். பிறகு குளித்துத் தலைக்கு எண்ணெய் வைத்தாள். ஒரு நாள் பின்னேரம் இடியப்பம் அவித்துச் சம்பலோடு எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தாள். அம்மா குசினிக்குள் போய் நின்று அழுதுவிட்டு, பிள்ளையாருக்கு வைத்த நேர்த்தி பலித்துவிட்டது என்று நூற்றெட்டுத் தேங்காய்க்கு நாள் பார்த்தாள். எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிள்ளையாரா செய்தார்? தம்பி பக்கத்தில் இருப்பதால் வீட்டுக்கு ஒரு குளிர்ச்சி வந்திருக்கிறது, அது இவர்களுக்குத் தெரியவில்லையே என்று நினைத்தேன்.

ஒரு நாள் தம்பியின் அறையில் சுவரோரமாக, சின்னத் தட்டில் பாதி மாலு பணிஸ் வைத்திருந்ததைக் கண்டேன். மீன் வைத்த அந்தப் பணிஸ் என்றால் அவனுக்கு உயிர். “இது ஆருக்கு சின்னம்மா?” என்றேன். “எறும்புக்கு” என்றாள். எறும்புக்கு யாராவது மாலு பணிஸ் வாங்குவார்களா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வருஷம் இரண்டாம் பாகம் வந்தது. சுவரொட்டியைப் பள்ளிக்கூட வான் வண்டியிலிருந்து பார்த்துவிட்டு வந்து வீட்டில் கத்தினேன். பெரியவர்கள் யாரும் கவனிக்கவில்லை. அன்று பின்னேரம் சின்னம்மா என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, மெல்லக் கேட்டாள்.

“பிள்ளை, முதல் படத்தின்ர முடிவில சுவருக்கால ஒரு விரல் வந்ததெல்லோ? தாய் அதைப் பிடிச்சவளோ, இல்லையோ?”

“அதுக்குள்ள முடிச்சுப் போட்டாங்கள். இதிலதான் பிடிப்பா.”

“எப்பிடி வெளிய எடுப்பா எண்டு இதில காட்டுவினம், என்ன?”

“ஓம், காட்டத்தானே வேணும்” என்றேன், படத்தை எடுத்தவள் மாதிரி.

சின்னம்மாவுக்கும் என்னைப் போலப் பேய்ப்படப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று எனக்குப் பெருமை. படம் பார்க்க வெளியே போக வேண்டும் என்று அவளே வாய் திறந்து சொன்னதில் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பேய்ப்படமா என்று சித்தப்பா தயங்கினார். “அவள் கேக்கிறதே பெரிய விஷயம், நீங்கள் பேசாமல் இருங்கோ” என்று அம்மா அடக்கிவிட்டாள். எங்கள் பக்கம் அந்தப் படம் ஓடவில்லை. கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு தியேட்டரில் மத்தியானக் காட்சி, நானும் சின்னம்மாவும் மட்டும் போனோம். சின்னம்மா தன் பச்சைச் சேலையை உடுத்தாள், எனக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிட்டாள். ஓட்டோவில் போகும்போது அவள் கை வியர்த்திருந்தது.

படம் தொடங்கின உடனேயே ஏதோ பிசகு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பழைய பையன் வளர்ந்துவிட்டான் போல, அவனுக்குப் பதில் கொழுகொழுவென்று வேறொரு பையன். தாயாக நடித்தவளும் வேறு. அந்த விரல் என்னவாயிற்று என்று ஒரு வார்த்தை இல்லை. வீட்டுக்கு ஒரு பகிடிக்காரன் சமையல்காரனாக வந்து வழுக்கி வழுக்கி விழுந்தான். நடுவில் கடற்கரையில் ஒரு பாட்டு. இடைவேளையில் ஐஸ்கிறீம் வேண்டுமா என்றுகூடச் சின்னம்மா கேட்கவில்லை. முன் சீற்றைப் பிடித்தபடி வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் போட்டார்களே ஒரு முடிவு! பேயே இல்லையாம். அந்த வீட்டைக் குறைந்த விலைக்கு வாங்க நினைத்த காணித் தரகன் ஒருத்தன், சுவருக்கு அந்தப் பக்கம் ஒளிந்திருந்து சுத்தியலால் தட்டினானாம். முதலாம் பாகத்தில் நாங்கள் அழுத அழுகையெல்லாம் ஒரு தரகனுக்காக. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் ஓட, பகிடிக்காரன் விளக்குமாறோடு துரத்த, படம் முடிந்தது. தியேட்டர் முழுக்கக் கூ என்று கத்தியது. “சல்லியைத் திருப்பித் தாங்கோடா!” என்று பின்னாலிருந்து ஒருத்தர் கூப்பாடு போட்டார். நானும் எழும்பி நின்று என் பங்குக்குக் கத்தினேன். திரும்பிப் பார்த்தால் சின்னம்மா இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. தாய் எங்கே, அவளுக்கு என்ன நடந்தது என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. படத்தில் அவளை மறந்தே போனார்கள்.

திரும்பி வரும்போது காலிமுகத்திடலைத் தாண்டிய பிறகு, ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துப் படம் நல்லதா என்று சிங்களத்தில் விசாரித்தார். அப்போதுதான் கவனித்தேன், சின்னம்மா அழுதுகொண்டிருந்தாள். சத்தமே இல்லை, கண்ணீர் மட்டும் கழுத்துவரை ஓடியிருந்தது. எனக்கு அந்த இடத்தில் மனம் தாங்கவில்லை. ஒரு பொய்ப்படத்துக்காகச் சின்னம்மா இப்படி அழலாமா? என்னிடம் உண்மை இருக்கும்போது? சட்டத்தை மீறுகிறோம் என்பது தெரிந்துதான் சொன்னேன். அவளைத் தேற்றத்தான் சொன்னேன், சத்தியமாக.

“சின்னம்மா, அது சும்மா புளுகுப் படம். அழாதேங்கோ. உண்மையா வருவினம். தம்பி வாறவன்.”

அவள் சடாரென்று என் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

“உனக்கும் கேட்டதே பிள்ளை?”

“ஓம்! நான் மூண்டு தட்டுவன். அவன் ரெண்டு தட்டுவான். ஒவ்வொரு நாளும் மத்தியானத்தில.”

“எங்க இருந்து தட்டுறனீ?”

“பெரியப்பான்ர அறைக்குள்ள இருந்து. திறப்பு எங்க இருக்கெண்டு எனக்குத் தெரியும். அம்மாட்டச் சொல்லிப்போடாதேங்கோ.”

என் கையைப் பிடித்திருந்தாள், அந்தப் பிடியில் அவள் காப்பு என் மணிக்கட்டில் அழுந்தி நொந்தது. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி எல்லாம் போன பிறகு, வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

“வேற ஆருக்கும் சொன்னனியோ?”

“இல்லை.”

“சொல்லாதை” என்றாள்.

கண்ணீர் நின்றுவிட்டதைக் கண்டு, தேற்றிவிட்டேன் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

மறுநாள் மூன்று தட்டினேன். பதில் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஒரு கிழமை, இரண்டு கிழமை, கை முட்டி சிவக்கச் சிவக்கத் தட்டினேன். என் வாய்தான் காரணம் என்று எனக்குத் தெரிந்தது. சட்டத்தை மீறிச் சொல்லிவிட்டேன், தம்பி கோபித்துக்கொண்டான். அதற்கு மேல் என் மூளை போகவில்லை. சுவரில் வாயை வைத்து, “இனி நீதான் பேய், சத்தியமா நீதான் பேய்” என்று சொல்லிக்கூடப் பார்த்தேன். பிறகு ஒரு நாள் அந்தப் பக்கத்தில் பாரமான எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. சின்னம்மா அலுமாரியை இழுத்து அந்தச் சுவரோடு சேர்த்து வைத்துவிட்டாள். அன்றிலிருந்து அம்மா கொடுக்கும் சோறு மறுபடியும் திரும்பி வரத் தொடங்கியது. தட்டும் இல்லை, மாலு பணிஸும் இல்லை.

எல்லாம் அந்த விசர்ப் படத்தால் வந்த வினை என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சித்தப்பாவும் அப்படித்தான் நினைத்தார். வீட்டில் அத்தனை பேரும் படத்தைத் திட்டினோம்.

என்ன நடந்தது என்பது எனக்குப் பத்தொன்பது வயதில்தான் தெரியவந்தது, அதுவும் அம்மாவோடு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது. “உன்ர சின்னம்மா அந்த நாளையில எனக்கு மட்டும் ஒண்டு சொன்னவள்” என்று அம்மா சாதாரணமாகத் தொடங்கினாள். “பிள்ளை சுவருக்குள்ள இருந்து மூண்டு தட்டுறான், நான் ரெண்டு தட்டுறன் எண்டு. அந்தப் பக்கம் பூட்டின அறை, அங்க ஆர் போறது? இவளுக்கு மூளை பிசகிப் போச்சோ எண்டு நான் பயந்துபோய் இருந்தனான். ஆனால் அந்த ஆறு மாசமும் சாப்பிட்டாள்.” நான் கத்தியைக் கீழே வைத்தேன். கண் எரிகிறது என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பிள்ளை மூன்று, தாய் இரண்டு. யாரும் அனுப்பி வைக்காத பிள்ளை போகாமல் நிற்கிறான் என்று அவள் நம்பியிருந்தாள், அந்தப் பிள்ளையை நான் ஓட்டோவில் வைத்துக் கொன்றேன். சின்னம்மாவிடம் இன்றுவரை அதைப் பற்றிப் பேசத் துணிவில்லை. தீபாவளிக்குப் போவேன், பலகாரம் தருவாள், வாங்கிக்கொண்டு வருவேன். அதன் பிறகு அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை.

படம் பார்த்த மூன்றாம் மாதம் அவர்கள் இரத்மலானைக்கு வீடு மாறிப் போனார்கள். லொறி கீழே வந்து நின்றது, ஆட்கள் கட்டிலையும் அலுமாரியையும் படியால் இறக்கினார்கள். சின்னம்மா கதவடியில் நின்றாள், கையில் தம்பியின் தண்ணீர்ப் போத்தல். நான் கிட்டப் போய், அவள் சேலையைப் பிடித்துக் குனியச் சொல்லி, காதுக்குள் சொன்னேன்.

“சின்னம்மா, தம்பி உங்களோடதானே வருவான்? என்னில கோவிக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ. அங்க போயாவது உங்களுக்குத் தட்டச் சொல்லுங்கோ.”

அவள் குனிந்தபடியே என் தலையைத் தடவினாள்.

“ஓம் பிள்ளை, சொல்லுறன்” என்றாள்.

பெரிய பாரம் ஒன்று இறங்கிய மாதிரி இருந்தது எனக்கு. படியில் இரண்டிரண்டாகத் தாவி, லொறி பார்க்கக் கீழே ஓடினேன்.